ஆக்டோபர்ஃபெஸ்ட் டேபிள் வாங்கித் தர்றேன்னு சொல்ற டூர்காரங்க கிட்ட ஜாக்கிரதை

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஜெர்மனில மியூனிக்ல வருஷா வருஷம் நடக்கற பெரிய பீர் திருவிழாதான் ஆக்டோபர்ஃபெஸ்ட், அதுக்கு என்ட்ரி டிக்கெட்னு ஒன்னு கிடையவே கிடையாது. அது நடக்கற தெரேசியன்வீசே மைதானத்துக்குள்ள போக ஒரு சென்ட் குடுக்க வேண்டாம், உக்காந்து பீர் குடிக்கற பெரிய பெரிய டென்ட்டுக்குள்ள நுழையவும் காசு இல்ல. பழைய காலத்து ராட்டினம் எல்லாம் வெச்சு ஓய்டே வீஸன்னு ஒரு ஓரத்துல தனியா ஒரு இடம் இருந்துச்சு, 2025-ல அதுக்கு மட்டும் 4 யூரோ வாங்கினாங்க, அவ்வளவுதான். இது தெரியாத ஆளுங்களா பாத்து "விஐபி என்ட்ரி"ன்னு வித்துட்டு இருக்காங்க, அதுவும் நம்ம ஆளுங்களே நம்ம ஆளுங்களுக்கு.

2025 செப்டம்பர்ல நாங்க போனது ஃப்ராங்ஃபர்ட்ல இருந்து சனி ஞாயிறு டூர் பேக்கேஜ். ஆளுக்கு 289 யூரோ. அதுல பஸ், மியூனிக்ல ஹோட்டல், விஐபி என்ட்ரி, பெரிய டென்ட்ல சாயங்காலம் 5 மணில இருந்து ரிசர்வ்டு டேபிள், ஞாயித்துக்கிழமை ரீகன்ஸ்பர்க் பழைய ஊரை கைடோட சுத்திப் பாக்கறது, அப்புறம் ஷாப்பிங். நடத்துனவர் பேரை இப்போ போடல, லெட்டர் போக்குவரத்து நடந்துட்டு இருக்கு. வாட்ஸப் குரூப்ல பழக்கமான ஆள்தான், தமிழ்ல தேனா பேசுவார். வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு அப்பா அம்மா கும்பகோணத்துல இருந்து வந்திருந்தாங்க, அவங்களை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னுதான் நாங்க எல்லாரும் சேர்ந்தோம். "அக்கா, பெரியவங்கள நான் பாத்துக்கறேன், நீங்க சும்மா வாங்க"ன்னார். பெரியவங்களை பாத்துக்கிட்ட லட்சணம் கீழ வருது.

முதல்ல டேபிள் கதை. டென்ட்ல ரிசர்வேஷன்னா என்னன்னு தெரிஞ்சாதான் இவங்க பண்றது புரியும். சாதாரணமா 10 பேர் டேபிளா குடுப்பாங்க, ஆளுக்கு ரெண்டு மாஸ் பீரும் பாதி கோழியும் முன்கூட்டியே வாங்கிக்கணும், அதான் ரிசர்வேஷனோட விலையே. மாஸ்னா ஒரு லிட்டர். 2025-ல ஒரு மாஸ் டென்ட்டைப் பொறுத்து 14.50-ல இருந்து 15.80 யூரோ வரைக்கும். கோழியையும் சேர்த்து கணக்கு போட்டா ஆளுக்கு சுமார் 50 யூரோ வருது. இவர் குடுத்த கணக்குல டேபிளுக்கு மட்டும் ஆளுக்கு 140! ரிசர்வேஷனை டென்ட் நடத்துறவங்க நேரடியா குடுப்பாங்க, நடுவுல ஏஜென்ட் வாங்கி ஏத்து விக்கறதை அவங்க விதியே அனுமதிக்காது. 2021-ல ஒரு டென்ட்காரங்க போட்ட கேஸ்ல மியூனிக் கோர்ட் ஒரு டிக்கெட் வியாபாரிக்கு எதிரா தீர்ப்பே குடுத்திருக்கு. அப்படியும் நெட்ல தேடினா ஆயிரக்கணக்குல விலை போட்டு டேபிள் விக்கறாங்க.

சரி, நாங்க டென்ட் சைடு வாசலுக்கு போறோம். அன்னிக்கு ரெண்டாவது வார சனிக்கிழமை, செப்டம்பர் 27. மதியம் கூட்டம் தாங்காம மைதானத்தையே கொஞ்ச நேரம் மூடிட்டு ஸ்பீக்கர்ல அறிவிப்பு குடுத்தாங்க, நியூஸ்ல கூட வந்துச்சு. அதெல்லாம் தாண்டி உள்ள வந்து டூர்காரர் அனுப்பின ரிசர்வேஷன் பிடிஎஃப்பை காட்டினா வாசல்ல நின்ன செக்யூரிட்டி தன் கையில இருந்த லிஸ்ட்ல தேடறார். டேபிள் நம்பர் இருக்கு. பேர் வேற. அதுவும் மதிய ஷிஃப்ட், எப்பவோ முடிஞ்சு போச்சு. எங்க போனை வாங்கி பிடிஎஃப்பை ரெண்டு விரலால பெருசாக்கி நகத்தால காட்டினார், 17.00-ன்னு இருந்த நேரம் மட்டும் சுத்தி இருக்கற எழுத்தை விட ஒரு நூல் தடிமனா இருந்துச்சு, பின்னாடி லேசா வெள்ளை கட்டம் வேற தெரிஞ்சுது. அதே நேரத்துல எங்களுக்கு பின்னாடி நின்ன இன்னொரு க்ரூப், அவங்களும் அதே பஸ்தான், அவங்க போன்லயும் அதே டேபிள் நம்பர்! பத்து பேர் உக்கார்ற டேபிளை முழு பஸ்ஸுக்கும் வித்திருக்கான் மனுஷன். ஒரிஜினல் ரிசர்வேஷன்னா டென்ட்ல இருந்து பீர் கூப்பனும் கோழி கூப்பனும் வரணும், எங்க கிட்ட அது ஒன்னு கூட இல்ல. கேட்டா "அதெல்லாம் உள்ள குடுப்பாங்க"ன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தார்.

ரிசர்வேஷன் இல்லாட்டியும் டென்ட்ல இடம் கிடைக்கும், எல்லா டென்ட்லயும் ஒரு பங்கை ரிசர்வ் பண்ணாம விட்டே ஆகணும், ஆனா சனிக்கிழமைன்னா காலைல 9 மணிக்கு தொறக்கும்போதே போய் உக்காரணும். சாயங்காலம் 5 மணிக்கு போய் நின்னா கல்யாண மண்டபத்துல பந்தி வாசல்ல நிக்கற கதைதான், யாரும் எழுந்திரிக்கற மாதிரியே தெரியல. டென்ட்ல உக்கார இடம் இல்லன்னா பீரும் கிடையாது, அது அங்க ரூல். கடைசில வெளிய ஒரு கடைல ப்ரெட்ஸல் வாங்கிக் குடுத்து கும்பகோணத்து மாமாவையும் மாமியையும் மைதானத்து ஓரத்துல இருக்கற பெரிய பவேரியா சிலைக்குக் கீழ படில உக்கார வெச்சோம். அவங்க ரெண்டு பேரும் குடிக்கவும் மாட்டாங்க, கோழியும் தொட மாட்டாங்க. "சைவத்துக்கு டென்ட்ல ஸ்பெஷலா சொல்லி வெச்சிருக்கேன்"ன்னு சொன்னது வேற. மாமி பாவம், "பரவால்லம்மா, ராட்டினம் பாத்தோம்ல"ன்னு எங்களைத் தேத்தறாங்க.

பை விஷயமும் சொல்லிடறேன். 3 லிட்டருக்கு மேல பெரிய பை எதுவும் உள்ள விட மாட்டாங்க, 2016-ல இருந்தே அப்படித்தான். சனிக்கிழமை முழுக்க குழந்தை தள்ளுவண்டிக்கும் அனுமதி இல்ல. எங்க பஸ்ல ஒரு இளம் ஜோடி கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமா வந்தாங்க, புக் பண்ணும்போதே கேட்டிருக்காங்க, "நோ ப்ராப்ளம்"னு பதில். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. மூட்டை வெக்கற இடத்துல தனியா காசு கட்டி பேக்பேக் எல்லாம் குடுத்தோம், ஏன்னா பஸ்ஸைக் காணோம்.

பஸ் எங்க போச்சு? இதான் எனக்கு ரொம்ப கோவம் வந்த இடம். ப்ரோக்ராம்ல காலைல 5 மணிக்கு ஃப்ராங்ஃபர்ட்ல புறப்பாடு, ராத்திரி 11.30-க்கு மைதானத்துக்கிட்ட பிக்கப்னு போட்டிருந்தாங்க. ஒரே டிரைவர். ஐரோப்பால பஸ் டிரைவருக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 9 மணி நேரம் தொடர்ச்சியா ரெஸ்ட் வேணும், சாதாரணமா 11. 24 மணி நேரத்துல 9 போனா மிச்சம் 15, அப்போ காலைல 5-க்கு வண்டி எடுத்தவர் ராத்திரி 8 மணிக்கு முடிச்சே ஆகணும், வண்டில இருக்கற மெஷின்ல எல்லாம் பதிவாகும், மீறினா ஃபைன். டிரைவர் தாத்தா மேல துளி தப்பு இல்ல, மதியமே "நான் எட்டு மணிக்கு படுத்துடுவேன், அந்த ஆள் கிட்ட ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிட்டேன்"னார். ஆக, அந்த 11.30 பிக்கப் பேப்பர்ல எழுதும்போதே நடக்காதுன்னு தெரிஞ்சு எழுதினது.

மியூனிக் ஹோட்டல்னு சொன்னது இங்கோல்ஸ்டாட் பக்கம், கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர், ஆட்டோபான் ஓரத்துல குடோனுங்களுக்கு நடுவுல. அந்த ராத்திரில போதைல பாடிட்டு இருக்கற கூட்டத்துக்குள்ள வயசானவங்களைக் கூட்டிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, ரீஜினல் ட்ரெய்ன் புடிச்சு, அங்கிருந்து டாக்ஸி. எங்க கிட்ட டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ரீஜினல் ட்ரெய்னுக்கெல்லாம் செல்ற மாச பாஸ், இருந்துச்சு, பெரியவங்களுக்கு தனியா எடுத்தோம். டூர்காரருக்கு போன் போட்டா ரிங் போய்ட்டே இருக்கு, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

ரீகன்ஸ்பர்க் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லணும், ஊர் மேல என்ன தப்பு. 2006-ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கற ஊரு. டான்யூப் மேல கல்பாலம், 12-ம் நூற்றாண்டுல கட்டினது, அது பக்கத்துலயே புகை போட்டுட்டு ஒரு பழைய சாசேஜ் கடை, பெரிய கதீட்ரல், கி.பி. 179-ல ரோமானியர் கட்டின கோட்டை வாசலோட மிச்சம் இன்னிக்கும் தெருவுலயே நிக்குது. நிதானமா நடந்தா அரை நாள் போதாது. எங்களுக்கு கிடைச்சது ஒரு மணி நேரமும் கொஞ்சமும். கைடுன்னு வந்த தம்பி போனைப் பாத்து வாசிச்சார், கல்பாலத்தை ரோமானியர் கட்டினாங்கன்னார், ஆயிரம் வருஷத்துக்கு தப்பு, கும்பகோணத்து மாமா ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார், பக்கத்துல இருந்த பலகையைப் படிச்சுட்டு என்னைப் பாத்து சிரிச்சார். ஷாப்பிங் கேட்டீங்கன்னா, ஞாயித்துக்கிழமை ஜெர்மனில கடையே தொறக்காதுங்க! இங்க ஒரு மாசம் இருந்தவனுக்குக் கூட தெரிஞ்ச விஷயம், அதையும் ப்ரோக்ராம்ல போட்டு காசு வாங்கியிருக்கான்.

காசு எப்படி வாங்கினார்னு சொல்றேன், அங்கதான் பிடி இருக்கு. பேபால்ல "ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி"ல போடுங்க, கமிஷன் மிச்சம்னார். அப்படி போட்டா வாங்கறவங்களுக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது, எங்க குரூப்ல அப்படி போட்டவங்களுக்கு பேபால் கையை விரிச்சுடுச்சு. ஃப்ரெண்டு மட்டும் பேங்க் ட்ரான்ஸ்ஃபர்ல "டூர் பேக்கேஜ்"னு எழுதி போட்டார், இப்போ அந்த ஒரு வரிதான் எங்க எல்லாருக்கும் ஆதாரம்.

ஜெர்மன் சட்டத்துல பஸ்ஸும் ஹோட்டலும் சேர்த்து வித்தாலே அது பௌஷால்ரைஸே, அதாவது பேக்கேஜ் டூர். அதுக்கு காசு வாங்கறதுக்கு முன்னாடியே ஸிஷருங்ஸ்ஷைன்னு ஒரு பேப்பர் குடுக்கணும், கம்பெனி திவாலானா உங்க காசு திரும்ப வரும்ங்கற உத்தரவாதம் அது. இவர் கிட்ட கேட்டதுக்கு "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு அக்கா"ன்னார். இல்லவே இல்ல, ராத்தங்கற பேக்கேஜை விக்கற எல்லாருக்கும்தான். வெப்சைட்ல யார் நடத்துறாங்கன்னு சொல்ற இம்ப்ரெஸ்ஸும் பேஜ், அட்ரஸ், ஒன்னும் கிடையாது. சொன்னது கிடைக்கலன்னா விலையைக் குறைச்சுத் தர சொல்லி கேக்க ரெண்டு வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு, ஆனா குறையை அங்கயே அப்பவே நடத்துறவர் கிட்ட சொல்லியிருக்கணும். நாங்க டென்ட் வாசல்ல இருந்தே போட்டோவோட வாட்ஸப் அனுப்பினோம், ரெண்டு ப்ளூ டிக் இருக்கு, பதில் இல்ல.

டேபிள் வேணும்னா ஆக்டோபர்ஃபெஸ்ட் டாட் டிஇ-ல எல்லா டென்ட்டோட லிஸ்ட்டும் இருக்கு, நேரா அவங்க கிட்டயே கேளுங்க. கூட்டத்தைப் பாக்க மட்டும்னா வார நாள்ல மதியத்துக்கு முன்னாடி போங்க, டேபிளே வேண்டாம்.

எங்களுக்கு இதுவரைக்கும் அவர் குடுக்கறேன்னது 40 யூரோ வவுச்சர், அதுவும் அவரோட அடுத்த டூருக்கு. வெர்பிராஉஹர்ட்சென்ட்ராலேங்கற நுகர்வோர் ஆலோசனை மையத்துல ஆலோசனை கேட்டு, பதிவுத் தபால்ல லெட்டர் போட்டு 14 நாள் டைம் குடுத்திருக்கோம். அந்த பஸ்ல வந்தவங்க யாராவது இதைப் பாத்தா, தயவுசெஞ்சு அந்த பிடிஎஃப்பை அழிச்சுடாதீங்க, ஒரே டேபிள் நம்பர் எத்தனை பேருக்கு போயிருக்குன்னு காட்ட அது வேணும்.