பள்ளியைப் பற்றிச் சொல்ல வீடியோவா, சுவர் ஓவியமா?

எங்கள் பள்ளி சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம்தான், எட்டாம் வகுப்பு வரை இருக்கிறது. நான் அங்கே மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதால் இந்த மாதிரி முடிவெல்லாம் எங்களிடம்தான் வரும். இந்தப் பள்ளி எப்படிப்பட்டது, இங்கே பிள்ளைகளை எப்படி நடத்துகிறோம் என்பதைப் படமாகக் காட்ட வேண்டும் என்று பேச்சு வந்தபோது இரண்டு வழி நின்றது. ஒன்று, மூன்று நிமிட வீடியோ. இன்னொன்று, தெருப்பக்க மதில் முழுக்க ஓவியம். ஓவியம் வரைந்து ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டோம், அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றிப் பேச்சே இல்லை. 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனதற்குப் பிறகு, பள்ளி வாசலில் பேனர் கட்டலாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

வீடியோவுக்கும் ஓவியத்துக்கும் கேட்ட தொகையில் பெரிய வித்தியாசம் கிடையாது. வீடியோவின் பலம் குரல். ஒரு பிள்ளை திக்கித் திக்கி வாசித்து முடித்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு நொடியைச் சுவரில் கொண்டுவர முடியாது. வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் அனுப்பலாம். ஆனால் அது சீக்கிரம் பழசாகிவிடும். எட்டாவது முடித்த பிள்ளைகள் போய்விடுவார்கள், டீச்சருக்கு மாறுதல் வரும், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அதில் இருக்கிற முகங்களில் பாதி பள்ளியில் இருக்காது, மாற்ற வேண்டுமென்றால் மறுபடி முழுச் செலவு. பிள்ளைகள் முகத்தைப் பொதுவில் போடுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் வாங்க வேண்டும், வாங்கத்தான் வேண்டும். அதுவும் ஒரு வேலை. நாங்கள் போனில் எடுத்தது ஆண்டு விழா வீடியோ ஒன்றுதான், ஆகவே ஆள் வைத்து நல்லபடியாக எடுத்தால் எப்படி இருக்கும் என்பதில் என் அனுபவம் கம்மி.

சுவரைத் தெரு முழுக்கப் பார்க்கும். விடியற்காலையில் ஏலத்துக்குப் போகிறவர்கள், கூடையோடு திரும்புகிறவர்கள், பள்ளிக்குள் ஒரு நாளும் வராத அப்பாக்கள் எல்லாருமே அந்த வழியாகத்தான் போகிறார்கள். கண்ணகி நகர் குடியிருப்புகளின் மாடிச் சுவர்களில் வரைந்திருக்கிற பெரிய பெரிய முகங்கள் மாதிரி வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், ஆனால் எங்கள் மதில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான். அதனால் வரிசையாகக் காட்சிகளாகப் போட்டோம். எந்தப் பள்ளியிலும் இருக்கிற தலைவர் படங்கள் வேண்டாம் என்று முடிவாயிற்று. அம்மாவின் மீன் கணக்கை நோட்டில் கூட்டிப் பார்க்கிற பெண், கால்பந்தோடு ஓடுகிற இன்னொரு பெண், எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி. இந்தச் சாப்பாட்டுக் காட்சிக்கு ஒரு காரணம் உண்டு. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்தபோது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்கள், ஆனால் அவர் யார் என்று இந்தப் படத்துக்குக் கீழே எழுதின பிறகுதான் பல பேருக்குத் தெரிந்தது.

வரைந்துகொண்டிருந்தபோது மீன் விற்கிற அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார். “இன்னாப்பா, வஞ்சிரத்துக்கு வாலு இப்டியா இருக்கும்? நல்லா பிளந்து பிறை மாதிரி இருக்கணும்” என்றார். பெயிண்டர் தம்பி பிரஷைக் கழுவிவிட்டு அவர் சொன்னபடியே திருத்தினார். மறுநாள் அந்த அக்கா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாலைக் காட்டினார். வீடியோ எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். முடிவு உண்மையில் இதில்தான் இருக்கிறது. கடல் காற்று அடிக்கிற இடத்தில் மதில் உப்புப் பூக்கும். எங்கள் பழைய சுவரில் விரலை வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவில் தண்ணீர் நின்ற பிறகு முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறி, முன்னே இருந்த எழுத்தெல்லாம் பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. அதில் அடித்திருந்தது எனாமல். எனாமல் உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது, கொப்பளித்துக்கொண்டு வந்துவிடும். இந்த முறை கம்பி பிரஷ் போட்டு உப்பைச் சுரண்டி, பொத்துப்போன பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுசாகப் பூசி, அது நன்றாகக் காய ஒரு மாதம் விட்டு, அப்புறம்தான் பிரைமரும் வெளிச்சுவர் எமல்ஷனும் அடித்தோம். பொங்கல் கழிந்து ஆரம்பித்ததால் மழைத் தொல்லை இல்லை.

பெயிண்டர் தம்பி சொன்ன ஒரு யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது: கீழே இரண்டடிக்குப் படமே வேண்டாம், ஒரே காவி நிறத்தில் பட்டை மட்டும். ஓதம் ஏறுவது, வண்டி உரசுவது, சேறு தெறிப்பது எல்லாம் அந்த இரண்டடியில்தான். போன மழைக்குப் பிறகு அங்கங்கே அதுதான் உரிந்தது, மேலே படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் திரும்ப அடிக்க ஓவியர் தேவையில்லை, ஒரு டப்பா பெயிண்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பெற்றோரும் போதும். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளுக்கும் என்பதால் அவற்றைச் சின்னச் சின்ன இடங்களில் மட்டும் வைத்தோம். எவ்வளவு பெயிண்ட், எந்த ஷேடு என்று எழுதின நோட்டு ஆபீஸ் பீரோவில் இருக்கிறது, அடுத்து வருகிற குழுவுக்கு அது வேண்டும்.

இதனால் சேர்க்கை கூடுமா என்று கேட்டால், ஒரு வருஷத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஐந்து வருஷம் கழித்துப் படம் எப்படி இருக்கும் என்பதும் இனிமேல்தான் பார்க்க வேண்டும். உங்கள் பள்ளி மாடிக் கட்டடத்தில் உள்ளே தள்ளி இருந்து, தெருவைப் பார்த்த மதிலே இல்லை என்றால் வீடியோவைப் பற்றி யோசிக்கலாம். மதில் இருக்கிறவர்கள் பெயிண்ட் விலை கேட்பதற்கு முன்னால் சுவரை ஒருமுறை விரலால் தேய்த்துப் பாருங்கள்.