கோரிக்கு எது நல்லது: வெறும் கண்ணாடியா, மணலா?

கோரிடோரஸ், சுருக்கமாகக் கோரி, என்ற சிறு கெளுத்தி மீனை வாங்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. தொட்டியின் அடியை வெறும் கண்ணாடியாக விடலாமா, மணல் போட வேண்டுமா?

வெறும் அடியின் வசதியை மறுக்க முடியாது. கழிவும் மிஞ்சிய தீனியும் கண்ணுக்கு நேராகத் தெரியும். டியூப் வைத்து உறிஞ்சினால் இரண்டு நிமிடத்தில் சுத்தம். புதிதாக வாங்கி வந்த மீனைத் தனியே வைத்துப் பார்க்கவும், மருந்து போடவும் இதுதான் சரி. நான்கு வாரம் என்றால் நானும் அப்படித்தான் வைப்பேன்.

அதுவே நிரந்தர வீடு என்றால் மனம் ஒப்பவில்லை. தென் அமெரிக்க ஓடைகளில் மணலைக் கிளறி இரை தேடும் மீன் இது. தீனி போட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் குனிந்து பாருங்கள். கண் வரைக்கும் முகத்தைப் புதைக்கும். வாய் நிறைய மணலை அள்ளும். தின்னக் கூடியதை உள்ளே வைத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியாகப் புகைபோல விடும். என்னுடைய ஆறு வெண்கலக் கோரிகள் ஐந்து மாதம் வெறும் கண்ணாடியில் இருந்தன. பாதி நேரம் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கும். மணல் போட்ட அன்று மாலையே ஆறும் முகத்தைப் புதைத்துக் கிளற ஆரம்பித்துவிட்டன.

மணல் போட்டால் வாயோர மீசை தேயாது என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அழுக்கு சேர்ந்த மணலிலும் மீசை அழுகும், துடைக்காமல் வழவழப்பு படிந்த கண்ணாடியிலும் அழுகும். வேர் போகாதவரை, சுத்தம் செய்தால் திரும்ப வளரும்.

கிராவல் (சரளைக் கல்) மட்டும் வேண்டவே வேண்டாம். தீனி இடுக்கில் இறங்கி அழுகும், மீனால் கிளறவும் முடியாது.

மணல் பொடியாக, முனை மழுங்கியதாக இருக்கட்டும். 2 அடி நீளம், 1 அடி அகலத் தொட்டிக்கு 3 செ.மீ. உயரம் போட 8 கிலோ போதும். கலங்கல் போகும் வரை அலச வேண்டும். கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருப்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

குஞ்சுகளுக்கு மட்டும் முதல் சில நாள் வெறும் அடி. அப்புறம் ஒரு பிடி பொடி மணல் தூவிவிடுவேன். நகக்கண் அளவுகூட இல்லாத குஞ்சு, அதிலும் முகத்தைப் புதைத்துத் தேடும்.