மெகா டிரைவுக்கு ஒரு துணைப்பெட்டி: 32எக்ஸா, மெகா சிடியா?

என்னிடம் சேகா நிறுவனத்தின் பழைய கேம் கன்சோலான மெகா டிரைவின் இரண்டாம் மாடல் ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. போன வருடம் அதற்கு ஒரு ஆட்-ஆன் வாங்கலாம் என்று பணம் எடுத்து வைத்தபோது முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, டிஸ்க் போட்டு ஆடும் மெகா சிடி. அமெரிக்காவில் அதற்கு சேகா சிடி என்று பெயர். இன்னொன்று, கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் கறுப்புக் காளான் மாதிரி உட்காரும் 32எக்ஸ். இரண்டையும் சேர்த்து வாங்க வசதியில்லை. கேட்டவர்கள் எல்லோரும் மெகா சிடியைத்தான் சொன்னார்கள். நான் 32எக்ஸ் வாங்கினேன். ஒரு வருடம் ஆடிப் பார்த்த பிறகும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எண்ணிக்கையில் போட்டியே கிடையாது. மெகா சிடி ஜப்பானில் 1991 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1992 அக்டோபரில் 299 டாலருக்கு. அதற்கு 200-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வந்தன. 32எக்ஸ் 1994 நவம்பரில் 159.99 டாலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதே மாதம் ஜப்பானில் சேகாவே தன் அடுத்த கன்சோலான சாட்டர்னை விற்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் யார் இதற்கு விளையாட்டு எழுதுவார்கள்? மொத்தம் 40 விளையாட்டுகளோடு 1996-இல் கதை முடிந்தது. அந்த 40-லும் 6 டிஸ்க்கில் வந்தவை, அவற்றை ஆட மெகா சிடியும் கூடவே வேண்டும். ஆக, 32எக்ஸை மட்டும் வாங்குபவருக்குக் கிடைப்பது 34.

தரத்திலும் சராசரி பார்த்தால் மெகா சிடியே மேல். சோனிக் சிடி, இரண்டு லூனார், ஸ்னாட்சர், ஷைனிங் ஃபோர்ஸ் சிடி, சில்ஃபீட் என்று கைவிரல் மடக்கிச் சொல்ல நல்ல பெயர்கள் இருக்கின்றன. 32எக்ஸின் பட்டியலில் பல மெகா டிரைவிலேயே இருந்த விளையாட்டுக்கு வண்ணம் கூட்டிய வடிவங்கள். மார்ட்டல் காம்பாட் 2, என்பிஏ ஜாம், பிட்ஃபால் எல்லாம் அந்த ரகம். இதற்காகத் தனிப் பெட்டி வாங்குவது வீண்.

பிறகு ஏன் 32எக்ஸ்? நான் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: இந்தப் பெட்டி இல்லாமல் இந்த விளையாட்டை வேறு எங்கே ஆட முடியும்? அசல் கன்சோலில், டிவி முன்னால் உட்கார்ந்து ஆட நினைப்பவருக்குத்தான் இந்தக் கேள்வி. கணினியில் எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல இயங்கும் மென்பொருள்) போதும் என்பவர் எந்தப் பெட்டியும் வாங்க வேண்டாம்.

மெகா சிடியின் நல்ல விளையாட்டுகள் பெரும்பாலும் அந்தப் பெட்டியை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டன. சோனிக் சிடி 2011-இல் புதுப்பொலிவோடு வந்தது, 2022-இன் சோனிக் ஆரிஜின்ஸ் தொகுப்பிலும் இருக்கிறது. லூனார் பிளேஸ்டேஷனுக்குப் போனது, 2025-இல் இரண்டு பாகங்களும் சேர்ந்து மறுபடி வந்தன. நைட் டிராப் 2017-இல் திரும்ப வந்தது. விளையாட்டுகளை உள்ளேயே வைத்து 2022-இல் வந்த குட்டிக் கன்சோலான மெகா டிரைவ் மினி 2-இல் சேகாவே மெகா சிடி விளையாட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தது. 32எக்ஸிலிருந்து அதில் ஒன்றுகூட இல்லை. 2019-இல் முதல் மினி வந்தபோது ஜப்பானில் 32எக்ஸும் மெகா சிடியும் பொம்மை அளவில் விற்கப்பட்டன. பார்க்க அழகு, செருகி வைக்கலாம், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இன்று மெகா சிடி வேண்டுமென்றால் மெகா சிடியே வேண்டியதில்லை. மெகாஎஸ்டி, மெகா எவர்டிரைவ் புரோ போன்ற கார்ட்ரிட்ஜ்கள் அந்த முழு டிரைவின் வேலையையும் தங்களுக்குள்ளேயே செய்துவிடுகின்றன. செருகினால் போதும், சோனிக் சிடி ஓடும். 32எக்ஸுக்கு அப்படிச் செய்ய முடியாது. காரணம் அதன் அமைப்பு. மெகா டிரைவின் பின்பக்கத்திலிருந்து ஒரு கேபிள் 32எக்ஸுக்குள் போகிறது. அங்கே மெகா டிரைவின் படத்தோடு 32எக்ஸ் தன் படத்தை ஒன்று சேர்த்து, தானே டிவிக்கு அனுப்புகிறது. அந்த வேலை கார்ட்ரிட்ஜ் துளைக்கு வெளியே நடக்கிறது. துளைக்குள் என்னதான் செருகினாலும் அதை நகலெடுக்க வழியில்லை. 2019-இல் வந்த அனலாக் நிறுவனத்தின் மெகா எஸ்ஜி, மெகா டிரைவ் கார்ட்ரிட்ஜ்களை ஆடும் புதுக் கன்சோல். அது அசல் மெகா சிடியைப் பொருத்திக்கொள்ளும், 32எக்ஸைப் பொருத்தாது. அதற்கும் இதே காரணம்தான்.

மெகா சிடியை நாளைக்கு இன்னொரு வழியில் பிடித்துக்கொள்ளலாம். 32எக்ஸுக்கு உள்ள வழி 32எக்ஸ் மட்டும்தான்.

சரி, அதில் பூட்டிக் கிடப்பவை பூட்டைத் திறக்கும் அளவுக்குத் தகுதியானவையா? எல்லாம் இல்லை. என் கணக்கில் ஏழெட்டு தேறும்.

முதலிடம் நக்கிள்ஸ் கேயாட்டிக்ஸுக்கு. 1995-இல் வந்தது, சேகாவின் முள்ளெலி நாயகன் சோனிக் இல்லாத சோனிக் உலகம். நக்கிள்ஸும் ஒரு கூட்டாளியும் இரண்டு மோதிரங்களால் கட்டப்பட்டிருப்பார்கள், நடுவே ரப்பர் பேண்ட் போல ஓர் இழுவிசை. ஒருவரை நிறுத்திவைத்து மற்றவரை இழுத்து விட்டால் கவணிலிருந்து போகும் கல்லாகப் பறப்பார். கூட்டாளியைப் பொம்மை பிடிக்கும் இயந்திரத்திலிருந்து கொக்கி போட்டு எடுக்க வேண்டும். லெவல்கள் நீளமானவை, எதிரிகள் குறைவு, நடுவில் அலுப்புத் தட்டுகிறது என்ற குறை உண்மை. ஆனால் இருவராக ஆடும்போது வேறு விளையாட்டாகிவிடுகிறது. என் மகள் "அப்பா, இழுக்காதீங்கப்பா, நான் இன்னும் நிக்கலை!" என்று கத்திக்கொண்டே ஆடினாள். இந்த இழுவிசைக் கணக்கை நான் வேறெந்த சோனிக்கிலும் பார்த்ததில்லை. மேலே சொன்ன ஆரிஜின்ஸ் தொகுப்பில் இது இல்லை.

இரண்டாவது வர்ச்சுவா ரேசிங் டீலக்ஸ் என்ற கார் பந்தயம். காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் வந்த அசல் ஆர்கேட் வடிவம் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 2019-இல் வந்துவிட்டதே என்பீர்கள். அதில் இருப்பவை அசல் மூன்று தடங்கள். டீலக்ஸில் ஹைலேண்ட், சாண்ட் பார்க் என்று இரண்டு கூடுதல் தடங்கள், ஃபார்முலா காரோடு ஸ்டாக், புரோட்டோடைப் என்று இரண்டு கூடுதல் கார்கள். ஸ்டாக் கார் வளைவில் வால் ஆட்டும் விதத்துக்காகவே மாதக்கணக்கில் ஆடினேன். இரண்டு எஸ்எச்-2 செயலிச் சில்லுகள் இந்தப் பெட்டிக்குள் எதற்காக இருக்கின்றன என்பது இதை ஓட்டும்போதுதான் புரிகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: மெகா டிரைவுக்கென வந்த பழைய வர்ச்சுவா ரேசிங் கார்ட்ரிட்ஜ் 32எக்ஸைப் பொருத்தியிருக்கும்போது ஓடாது.

ஷேடோ ஸ்குவாட்ரன் விண்வெளிச் சண்டை. ஒருவர் விமானம் ஓட்ட, மற்றவர் சுடலாம். கோலிப்ரியில் நாம் ஒரு தேன்சிட்டு, எக்கோ டால்ஃபின் விளையாட்டை உருவாக்கிய அதே ஹங்கேரியக் குழுவின் வேலை. பூச்சிகளைச் சுடும் விளையாட்டுக்கு இவ்வளவு பச்சையும் நீலமும் தேவையா என்று தோன்றும். ஆனால் 32எக்ஸால் 32,768 வண்ணங்கள் காட்ட முடியும். மெகா டிரைவால் ஒரே நேரத்தில் 64 தான், மெகா சிடி சேர்த்தாலும் அதே 64 தான். அந்த வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரிவது கோலிப்ரியில்.

டூம் என்ற புகழ்பெற்ற சுடும் விளையாட்டை இதற்காக வாங்க வேண்டாம். பல லெவல்களை வெட்டியிருக்கிறார்கள், படம் திரையை நிரப்பாது, இசை தகர டப்பா. டார்க்சைட் ஐரோப்பாவில் மட்டும் 1996-இல் வந்தது, எலைட் என்ற பழைய விண்வெளி விளையாட்டின் இணைப் படைப்பாளர் டேவிட் பிராபனின் நிறுவனம் செய்தது. நான் அதைத் தொட்டதுகூட இல்லை. கேட்கும் விலை என் கைக்கு எட்டாது.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெகா சிடியில் லென்ஸ், மோட்டார் என்று அசையும் பாகங்கள் உண்டு, முப்பது வயதில் அவை மக்கர் செய்யும். 32எக்ஸில் அசைவது எதுவும் கிடையாது. ஆனால் கேபிளில் ஏமாறாதீர்கள். எனக்கு விற்றவர் இணைப்புக் கேபிள் இல்லாமலே அனுப்பிவிட்டார், பெட்டி வந்து மூன்று வாரம் சும்மா கிடந்தது. முதல் மாடலுக்கும் இரண்டாம் மாடலுக்கும் பின்பக்க இணைப்பு வேறு, வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 32எக்ஸுக்குத் தனி பவர் அடாப்டரும் வேண்டும். மெகா சிடியையும் சேர்த்தால் ஒரே கன்சோலுக்கு மூன்று அடாப்டர்கள் ஆகிவிடும்.

மெகா சிடியில் என் அனுபவம் குறைவு. நண்பர் வீட்டிலிருந்து இரவல் வாங்கி இரண்டு வாரம் வைத்திருந்தேன், லூனாரை நாலு மணி நேரத்துக்கு மேல் ஆடவில்லை. நீண்ட கதை விளையாட்டுகளில் எனக்குப் பொறுமை இல்லை. அப்படிப்பட்ட பொறுமை உள்ளவர் மெகா சிடியை எடுத்தால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஸ்னாட்சர் என் வாதத்தில் ஒரு ஓட்டை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதன் அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் மெகா சிடியில் மட்டும்தான் வந்தது, அந்த டிஸ்க்கின் விலை ஒரு கன்சோலையே வாங்கும் அளவுக்கு ஏறிவிட்டது.

32எக்ஸ் வாங்குவதென்று முடிவு செய்தால் முதலில் வர்ச்சுவா ரேசிங் டீலக்ஸ் வாங்குங்கள். பெட்டி, புத்தகம் இல்லாத வெறும் கார்ட்ரிட்ஜ் போதும், ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டாவதாக ஷேடோ ஸ்குவாட்ரன். கேயாட்டிக்ஸை, சேர்ந்து ஆட ஓர் ஆள் கிடைத்த பிறகு வாங்குங்கள், தனியாக ஆடினால் பாதி சுகம்தான். என் வீட்டில் இப்போது நக்கிள்ஸ் மகளுக்கு. கட்டி இழுக்கப்படும் கூட்டாளி நான்.