பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது மஹோகனிதானா? பழைய லெஸ் பால் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 14 மாதம் சேர்த்த பணம் போய்விட்டது. 1996-ல் கிப்சன் கம்பெனி செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் எலக்ட்ரிக் கிட்டார் என்று சொல்லி எனக்கு ஒரு போலியை விற்றுவிட்டார்கள். வாங்கிய இடத்தின் பெயர் வேண்டாம். பழைய இசைக்கருவிகளை ஆளுக்கு ஆள் விற்கும் ஓர் இணையச் சந்தை.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். விற்ற ஆளுக்கு கிட்டார் தெரியும். வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் பேசினார். 1952-ல் லெஸ் பால் வந்தது, 1957-ல் அதில் ஹம்பக்கர் என்ற பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஏறியது, அடுத்த வருடமே தங்க நிறம் போய், ஓரம் கறுத்து நடுவில் வெளிறும் சன்பர்ஸ்ட் நிறம் வந்தது என்று வரிசையாகச் சொன்னார். ஆஷ் மரத்தில் தொடங்கிய ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1956-ல் ஆல்டர் மரத்துக்கு மாறியதும், 1958-ல் கிப்சனின் ஃப்ளையிங் வி கிட்டார் கொரினா மரத்தில் வந்ததும் அவருக்கு அத்துப்படி. எல்லாமே சரியான தகவல். "ஃபெண்டர்ல கழுத்தை ஸ்க்ரூ போட்டுப் பூட்டியிருப்பாங்க தம்பி. இது ஒட்டின கழுத்து. மஹோகனி உடம்பு, மேல மேப்பிள். இந்தக் கனமான சத்தம் வேற எதுலயும் வராது" என்றார். சொல்லிக்கொண்டே கிட்டாரை ஜன்னல் பக்கம் திருப்பினார். மேப்பிளின் புலிவரிகள் வெளிச்சத்தில் அலை அலையாக அசைந்தன. அங்கேதான் நான் விழுந்தேன். இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றதும், சந்தையின் வழியாகக்கூட இல்லாமல் நேராக அவருடைய கணக்குக்கே மொத்தத்தையும் அனுப்பினேன். 14 மாதச் சேமிப்பு, ஒரே தடவையில்.

பெட்டியைப் பிரித்தபோதே எடை உறுத்தியது. லெஸ் பால் பெரும்பாலும் 4 கிலோவை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். இது 3 கிலோதான். கேட்டேன். "உள்ளே துளை போட்டு எடை குறைச்ச மாடல் தம்பி" என்றார். கிப்சன் அப்படிச் செய்வது உண்மை என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் விரல்பலகையை எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துணி கறுப்பாகிவிட்டது. அது ரோஸ்வுட் மரமாக இருக்க வேண்டும், நல்ல ரோஸ்வுட் இப்படிச் சாயம் விடாது. வயிற்றைக் கலக்கியது. கம்பிகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கழற்றினேன். உண்மையான லெஸ் பாலில் அந்தக் குழியின் சுவரே கதை சொல்லிவிடும். மேலே வெளிறிய மேப்பிள் ஒரு தடித்த அடுக்காக இருக்கும், அதன் கீழே செம்பழுப்பு மஹோகனி, இரண்டுக்கும் நடுவே ஒட்டிய கோடு. என்னுடையதில் மேலிருந்து அடிவரை ஒரே வெளிறிய மரம். நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுகிறது. நான் மயங்கிய அந்தப் புலிவரி, காகிதம்போல ஒட்டிய மெல்லிய மரத்தகடு (வெனீர்).

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் குறுக்கே ஓர் ஒட்டுத் தடம். அந்த மாடலில் கழுத்தையும் தலையையும் ஒரே மஹோகனிக் கட்டையில் செதுக்குவார்கள், கீழே விழுந்தால் அந்த இடத்தில் முறிவதற்கு அதுவும் ஒரு காரணம். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை (டிரஸ் ராட்) மறைக்கத் தலையில் இருக்கும் மூடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்க வேண்டும், இதில் மூன்று. கடைசியாகத் தலைக்குப் பின்னால் இருக்கும் எண். அந்தக் காலத்து ஸ்டாண்டர்டின் எட்டு இலக்க எண்ணில் முதலாவதும் ஐந்தாவதும் வருடம், இடையில் உள்ள மூன்றும் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. என்னுடையதில் 512 என்று இருக்கிறது. வருடத்தில் 512-ஆம் நாள்!

படங்களை அவருக்கு அனுப்பினேன். "எலக்ட்ரிக் கிட்டார்ல மரமா பேசுது? பிக்கப்தான் பேசுது. சத்தம் நல்லாத்தானே இருக்கு?" என்று பதில் வந்தது. மஹோகனியின் கனமான சத்தம் என்று சொன்ன அதே வாய். ஒலியில் மரத்துக்கு எவ்வளவு பங்கு என்று வாசிப்பவர்கள் எப்போதும் சண்டை போடுவார்கள், போடட்டும். நான் பணம் கொடுத்தது மஹோகனிக்கும் மேப்பிளுக்கும். மறுபடி கேட்டதற்கு, "சார், நீங்களே கழட்டிட்டீங்க, இனி திருப்பி எடுக்க முடியாது." தம்பி போய் சார் வந்துவிட்டது. அத்தோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

சந்தைக்காரர்களுக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." மறுபடி எழுதினேன். எங்கள் வழியாகப் பணம் கட்டவில்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். மூன்றாவது தடவை பதிலே இல்லை, புகார் முடிக்கப்பட்டது என்று மட்டும் காட்டியது. 14 மாதச் சேமிப்பு இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

விரிவாக ஒரு வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஓடவில்லை. இதையாவது செய்யுங்கள். பிக்கப்பைத் தூக்கி, குழிக்குள் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைப் பிரித்துப் பாருங்கள். பணத்தைச் சந்தைக்கு வெளியே அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இன்று காலை அதே ஆள் இன்னொரு சன்பர்ஸ்ட் விளம்பரம் போட்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரஸ் ராட் மூடியில் மூன்று ஸ்க்ரூ.