க்னூ ரெக்யூட்டில்ஸ்: சின்ன லிஸ்ட்டுக்கு இது போதும்ங்க

வீட்ல இருக்குற புக்கு லிஸ்ட்டுக்குப் போய் டேட்டாபேஸ் சர்வர் ஓட்டிட்டு இருந்தேன், பாஸ்வேர்டு, பேக்கப்னு ஒரே ரோதனை, இப்ப ரெக்யூட்டில்ஸுக்கு மாறிட்டேன், டெக்ஸ்ட் ஃபைலையே சின்ன டேட்டாபேஸா வெச்சுக்க உதவுற டூல்ஸ் இது. எல்லாமே சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான், ஃபீல்டு பேரு, கோலன், அப்புறம் மதிப்பு, ஒரு ரெக்கார்டு முடிஞ்சா ஒரு வெத்து வரி. விம் மாதிரி டெக்ஸ்ட் எடிட்டர்ல தொறந்து நேரா திருத்தலாம், ஃபைல் மாற்றங்கள பதிஞ்சு வெக்குற கிட்ல போட்டா எப்ப என்ன மாத்துனோம்னு வரிவரியா தெரியும். தேட ரெக்செல், சேர்க்க ரெக்இன்ஸ்னு கமாண்டு இருக்கு. கீ (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனியா இருக்க வேண்டிய ஃபீல்டு), டைப் (மதிப்பு எண்ணா, தேதியாங்குறது) எல்லாம் ஃபைல் மேலயே எழுதி வெச்சுட்டா ரெக்ஃபிக்ஸ்ங்குற கமாண்டு தப்ப புடிச்சு காட்டிடும், எனக்கு ரொம்ப புடிச்சது இதான்!

ஆனா வேகமா தேட உதவுற இண்டெக்ஸ் கிடையாது, ஒவ்வொரு தடவையும் முழு ஃபைலையும் படிக்கும். லட்சக்கணக்குல ரெக்கார்டு இருந்தா ஒரே ஃபைல்ல இருக்குற எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸ் பாருங்க, நாலு பேரு ஒரே நேரத்துல எழுதுவாங்கன்னா போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் சர்வருக்கே போங்க.