ஆப்பில் வரும் எடைச் சீட்டை நம்பி லோடு எடுக்காதீங்க, எனக்கு 34,500 ரூபாய் போச்சு

சேலம், ஓமலூர், சங்ககிரி பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். செல்போனில் லோடு புக்கிங் செய்யும் ஓர் ஆப்பை நம்பியதில் இந்த வாரம் 34,500 ரூபாய் பறிபோனது.

ஓசூரிலிருந்து சேலத்துக்கு இரும்பு ஸ்கிராப். என்னுடையது பத்துச் சக்கர டாரஸ், அதாவது மூன்று அச்சு லாரி. இந்த வகை லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்த எடை 25 டன் என்றிருந்ததை 2018-லேயே 28.5 ஆக்கிவிட்டார்கள். வெறும் வண்டியே 10 டன் வரும். அதனால் 18 டன்னுக்கு மேல் ஒரு கிலோ கூட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். லோடு ஏறியதும் ஆப்பில் எடைச் சீட்டு போட்டோ வந்தது. சரக்கு 18 டன். பக்கத்திலேயே பச்சை டிக், "எடை சரிபார்க்கப்பட்டது" என்று. லோடு கொடுத்தவருக்குப் போன் போட்டும் கேட்டேன். "எங்க எடை மேடையிலேயே போட்டதுண்ணே, தைரியமா அனுப்புங்க." சரி என்று வண்டியை எடுக்கச் சொன்னேன்.

தொப்பூர் கணவாய் இறங்கி ஓமலூர் வருவதற்குள் சோதனையில் நிறுத்தி எடை போட்டார்கள். வண்டியோடு சேர்த்து 32.5 டன்! அபராதம் 20,000, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் 8,000. அதிகப்படி சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. கூலி ஆள், மாற்று வண்டி என்று 6,500. ஆக 34,500. அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை, அவர் செய்தது சரி. எத்தனை லாரி பிரேக் பிடிக்காமல் போன இறக்கம் அது! நாலு டன் கூடுதல் என்றே தெரியாமல் எங்கள் டிரைவர் தம்பி அதில் இறங்கி வந்திருக்கிறான். சக்கரத்துப் பக்கம் கையே கொண்டுபோக முடியவில்லையாம், அவ்வளவு சூடு.

ஆப்காரர்களைக் கூப்பிட்டால், "நாங்க லோடையும் லாரியையும் சேர்த்து விடறதோட சரி சார்." அப்புறம் அந்த டிக் எதற்கு? மேலதிகாரி கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. இப்போது அந்தச் சீட்டையே ஆப்பில் காணோம். லோடு கொடுத்தவரோ, "உங்க டிரைவர் வழியில ஏத்தியிருப்பான்" என்கிறார். வாய் கூசாமல் சொல்கிறார்!

மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவு ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட வைப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் கட்டுவது எப்போதும் லாரிக்காரன்தான். அச்சில் ஏறும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்கு என்று பொறியாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அப்படி உடையும் ரோட்டில்தான் நம் பிள்ளைகள் பைக்கில் போகிறார்கள். லோடு ஏற்றும் வாசலிலேயே பிடித்தால் என்ன?

வேறென்ன சொல்ல, ஸ்கிராப், கம்பி, கல் லோடு என்றால் கிளம்பியதும் வெளியே வேறு எடை மேடையில் ஒருமுறை போட்டுவிடுங்கள். சீட்டை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடை கூடினால் அங்கேயே இறக்கச் சொல்லுங்கள், வாடகை போனாலும் பரவாயில்லை.