முதல் நாள் வகுப்பு: விதி வாசிப்பதா, பேர் கேட்பதா, நேரே பாடமா?

புது பேட்ச் வந்து உட்காரும் நேரம் பார்த்து எங்கள் பக்கம் தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். வராந்தாவில் குடைகள் வடிந்துகொண்டிருக்க, உள்ளே குளச்சல், குலசேகரம், களியக்காவிளை என்று நாலா திசையிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். முதல் மணி நேரத்தை மூன்று விதமாகவும் நடத்திப் பார்த்தாயிற்று. யுஜிசி 2019-ல் கொண்டுவந்த தீக்‌ஷாரம்ப் புகுமுகப் பயிற்சி கல்லூரி முழுவதற்குமானது, அதைச் சொல்லவில்லை. அதெல்லாம் முடிந்து, ஒரு ஆசிரியர் தன் பாடத்துக்காகக் கதவைத் தாண்டி உள்ளே வருகிறாரே, அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்கிறேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. சிலபஸ், புத்தகப் பெயர், 75 சதவீத வருகை, இன்டேர்னல் மார்க், போன் கூடாது, அப்புறம் "சரி, நாளைக்குப் பார்ப்போம்". ஆசிரியருக்குச் சுலபம், வம்பும் இல்லை. ஆனால் அன்றைக்கே ஐந்து பாடத்துக்கும் ஐந்து பேர் வந்து இதையேதான் வாசிப்பார்கள். நாலாவது ஆள் வாயைத் திறக்கும்போதே பின் பெஞ்ச் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்க்கப் போய்விடும். லேப் மட்டும் இதில் சேராது. ஆசிட் பாட்டில், லேசர், கடைசல் இயந்திரம் என்று ஏதாவது இருக்கும் இடத்தில் பாதுகாப்பு விதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஐடிஐ பட்டறையானாலும் அதே கதைதான். அங்கே கலகலப்புக்காக அதைத் தள்ளிப்போடுவது பொறுப்பில்லாத்தனம்.

இரண்டாவது, அறிமுகப் படலம். "எழுந்து நின்று பேர், ஊர், ஹாபி சொல்லுங்கள்." இதைத்தான் நான் நிறைய வருஷம் நல்லது என்று நம்பிச் செய்தேன். முதலில் கணக்கு இடிக்கிறது: 54 பேர், ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலே வகுப்பு முடிந்தது. சரி, பேராவது மனதில் நிற்குமா? 1973-ல் மால்கம் பிரென்னர் என்பவர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்: வரிசையாகப் பேசும்போது, தன் முறைக்குச் சற்று முன்னால் பேசியவர் சொன்னதுதான் ஒருவருக்கு நினைவில் தங்குவதில்லை. அதாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் பேர்தான் முதலில் போகிறது. எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒன்று உண்டு, ஒரே வகுப்பில் மூன்று அஜின், இரண்டு ஷிபின், ஆளுக்கொரு இனிஷியல்.

அதைவிட மோசமானது பாஷை. யாரும் கேட்காமலே முதல் ஆள் "மை நேம் ஈஸ்" என்று ஆரம்பித்துவிட்டால் அத்தனை பேரும் அதே வழியில் போயாக வேண்டும். ஒரு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பையன் ஒருவன் எழுந்தான். "ஐ ஆம் கமிங்" என்றான், நின்றான், பிறகு "எனக்க ஊரு..." என்று ஆரம்பித்தான் (எங்கள் பக்கத்துப் பேச்சில் "என்னுடைய" என்பது "எனக்க"). பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அதட்டினேன், ஆனால் அதட்டியதால் இன்னும் பெரிதானதுதான் மிச்சம். அவன் அந்த செமஸ்டர் முழுக்க என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. சிரித்தவனும் வீட்டில் "எனக்க" என்றுதான் பேசுவான், அது வேறு விஷயம்.

இப்போது நான் செய்வது மூன்றாவது. உள்ளே வந்ததும் வணக்கம், பேர், அவ்வளவுதான், உடனே போர்டில் ஒரு படம்: இரண்டு குன்று, நடுவே கால்வாய்த் தண்ணீரைச் சுமக்கும் மாத்தூர் தொட்டிப்பாலம், கீழே பறளியாறு. "மக்களே, பாலம் 115 அடி உயரம். மேலே இருந்து ஒரு கல் விழுந்தா கீழே போக எத்தனை செகண்ட் ஆகும்? கணக்குப் போட வேண்டாம், தோணுறதைத் தாளில் எழுது, பக்கத்துல இருக்கறவன்கிட்ட காட்டு." பள்ளிச் சுற்றுலாவிலோ கல்யாண வீட்டுக்குப் போகும் வழியிலோ பாதிப் பேராவது அந்தப் பாலத்தில் நடந்திருப்பார்கள். எட்டு, பத்து, ஒருவன் இருபது என்று எழுதுவான். "கல்லு எவ்வளவு கனம் சார்?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும், எனக்கு வேண்டியதே அந்தக் கேள்விதான், காற்றை விட்டுவிட்டால் கனம் எதுவானாலும் விழும் நேரம் ஒன்றுதானே. அதைப் பிடித்துக்கொண்டே இருபது நிமிஷம் பாடம் ஓடிவிடும். பிறகு போர்டில் போடுகிறோம்: 115 அடி என்றால் 35 மீட்டர், காற்றின் தடையை விட்டுவிட்டால் சுமார் 2.7 விநாடி, தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 94 கிலோமீட்டர். சத்தம் கிளம்பும். (யாரும் போய்ப் போட்டுப் பார்க்கக் கூடாது, கீழே ஆள் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.)

தப்பாக ஊகித்தவனுக்கு இதில் நஷ்டம் இல்லை. முதலில் ஊகித்து, அது தப்பாகி, பிறகு சரியான விடையைக் கேட்பவருக்கு அந்த விடை நன்றாகத் தங்குகிறது என்று கற்றல் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் விடையை அங்கேயே சொல்லிவிட வேண்டும், "யோசித்துக்கொண்டு வா" என்று விட்டால் தப்பு விடைதான் வீட்டுக்குப் போகும். பக்கத்துப் பையனோடு பேசவும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, ஹாபி கேட்டு வராத பழக்கம் கல்லைப் பற்றிச் சண்டை போட்டால் வரும்.

இதிலும் குறை இருக்கிறது. அட்மிஷன் முடியாமல் இரண்டு வாரம் கழித்து வருகிறவனுக்கு அந்தப் பாடம் போச்சு. ஏற்கெனவே பயந்துபோய் வந்த பிள்ளைக்கு முதல் நாளே கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும், அதனால்தான் ஊகத்தை நான் வாங்கிப் பார்ப்பதும் இல்லை, சத்தமாக வாசிக்கச் சொல்வதும் இல்லை. கேள்வியும் அவர்கள் பார்த்த ஊர்ப் பொருளாக இருக்க வேண்டும். தமிழோ வரலாறோ நடத்துகிறவருக்குக் கேள்வி தேடுவது இன்னும் சுலபம், இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை எந்த அரசின் கீழ் இருந்தது என்று கேட்டாலே போதும், தாத்தா பாட்டி கதை எல்லாம் வெளியே வரும்.

இரண்டாவது வழியில் எனக்கு வேண்டியதைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரு துண்டுச் சீட்டில் வாங்கிக்கொள்கிறேன்: கூப்பிட வேண்டிய பேர், எந்த ஊர் பஸ், இந்தப் பாடத்தில் எதற்குப் பயம். தமிழிலேயே எழுதலாம், யாருக்கும் காட்ட மாட்டேன். போன வருஷம் ஒரு சீட்டில் பயம் என்ற இடத்தில், "கடைசி ஹவரை நீட்டாதீங்க சார், எங்க ஊருக்கு அந்த பஸ்ஸை விட்டா அடுத்தது ராத்திரிதான்" என்று இருந்தது. அதற்கப்புறம் மணி அடித்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுகிறேன். முதல் வழியின் விதிகளை ஒரு தாளில் அச்சடித்து வாசலில் கொடுத்து அனுப்புகிறேன். பாதிப் பேர் படிப்பதில்லை, நான் நின்று வாசித்த காலத்திலும் பாதிப் பேர்தான் கேட்டார்கள்.